பாட்டின் கீழ்க்குறிப்பும் இணையப் பக்கமும்

சங்கத் தொகை நூல்களுள் பரிபாடல் ஒன்றே, பாட்டினையும், அதனைப் பாடிய புலவர் பெயரையும், அதற்கு இசை வகுத்தார் பெயரையும், அவ்விசை நின்ற பண்ணையும் ஒருங்கே நமக்குக் காத்தளித்த நூலாகும். பத்தொன்பதாம் பாட்டினை நோக்குவார்க்கு, பாடியவர் நப்பண்ணனார் என்பதும், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார் என்பதும், பண் காந்தாரம் என்பதும் அதன் கீழ்க்குறிப்பால் விளங்கும். பதினான்காம் பாட்டிலோ பாட்டும் இசையும் கேசவனார் ஒருவருடையனவே. எனினும் குறிப்பு வரைந்தோர் அவர் பெயரை ஒருமுறை கூறி அமைந்தாரல்லர். பாட்டுக்கு ஒருமுறையும் இசைக்கு ஒருமுறையுமாக இருமுறை வரைந்தனர். செய்தவர் ஒருவரேயாயினும் செயல் இரண்டு என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது.

நல்லச்சுதனார் வகுத்த இசையை இன்று கேட்பார் இல்லை. அவ்வொலி மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. பெயர் மட்டும் ஏட்டில் நின்று, உ. வே. சாமிநாதையர் 1918ஆம் ஆண்டில் பதிப்பித்தபோது அச்சேறி, நம் கைக்கு வந்தது. ஒலி போயிற்று, பெயர் நின்றது. நம் காலத்தே, எண்முறைப் பதிவும் இணையமும் தமிழ்ப்பாட்டைத் தம் வயப்படுத்திய தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறாகும். ஒலி எங்கும் சென்றது, பெயர் உதிர்ந்தது. அவ்வாண்டுகளை ஏறத்தாழ 1996 முதல் 2005 வரை என வரையறுத்துக்கொண்டு, அவ்வுதிர்வுக்குப் பக்க அமைப்பு எத்துணைக் காரணமாயிற்று என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சியில் எம்மைப் புகுத்தியது எம்முடைய பிழையொன்றே. சில ஆண்டுகளுக்கு முன்னர், எம் மேற்பார்வையில் பயின்ற மாணவி ஒருவர் திரைப்பாடல்களில் தாலாட்டு என்னும் பொருளில் ஆய்வேடு எழுதினார். பாடலாசிரியர் பெயர்களை இணையத்தளங்களினின்றே திரட்டினார். யாமும் அதனைப் படித்து ஒப்பமிட்டோம். பின்னர்ப் பார்த்தபோது, ஒரே பாட்டுக்கு இரண்டு தளங்கள் இருவேறு ஆசிரியரைக் கூறின. மூன்றாவது தளம் ஒருவரையும் கூறவில்லை. யாம் வாழும் காரிமங்கலத்தில், செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குச் செல்லும் வழியில் உள்ள வீடொன்றில், முதியவர் ஒருவர் பழைய பாட்டுப் புத்தகங்களைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். அவற்றுள் அப்படத்தின் புத்தகமும் கிடைத்தது. அதில் இருந்ததோ மூன்றாவது ஒரு பெயர். புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் சொல்லாட்சித் திறனுக்குச் சான்றாக அம்மாணவி எடுத்துக்காட்டிய வரிகள் அக்கவிஞருடையன அல்ல என்பது புலனாயிற்று. இயல் ஒன்று முழுவதும் அழித்து எழுதப்பட்டது. மாணவியைக் கடிந்துகொள்ள எமக்கு உரிமை இல்லை. ஏட்டையும் அச்சையும் ஒப்புநோக்குவதற்குக் கற்பிக்கும் நாம், இணையப் பக்கத்தை எங்ஙனம் ஐயுறுவது எனக் கற்பித்தோம் அல்லேம்.

பாட்டுப் புத்தகம் எத்தகைய சான்று என்பதனை முதலிற் காண்பாம். 1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ வெளிவந்த பின், தமிழ்ப் பேசும்படங்கள் பெருகப் பெருக, கொட்டகை வாயிலில் சிறு விலைக்கு விற்கப்பெற்ற சிற்றேடு அது. கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டுகளின் முழுவடிவம் ஆகியன அதில் அமைந்தன. கதையைப் பாதியில் நிறுத்தி, எஞ்சியதை வெள்ளித்திரையிற் காண்க எனக் கூறும் மரபை அறியாதார் இலர். அச்சுப் பிழைகள் மலிந்தது. மட்டமான தாளில் அமைந்தது. ஆயினும் பாட்டு அங்கே சொல்லாக அச்சிடப்பட்டது. சொல் அச்சாகும் இடத்தில் சொல்லை இயற்றியவர்க்கும் இடம் உண்டாதல் இயல்பு. எல்லாப் புத்தகங்களும் பாட்டுக்குப் பாட்டு ஆசிரியரைக் கூறின எனல் மிகையாகும். பலர் எழுதிய படத்தில் அனைவர் பெயரையும் முகப்பில் ஒருசேர அடுக்கிவிட்டு அமைந்தனவும் உள. எனினும் பெயர் இருந்தது.

வானொலி இம்மரபை வாய்மொழியாகப் போற்றியது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர்க்குப் படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்னும் அடுக்கு, பாட்டின் ஓர் உறுப்பாகவே செவியில் நின்றது. அறிவிப்பாளர் கூறிய அவ்வடுக்கினைப் பரிபாடற் குறிப்பின் வழித்தோன்றல் எனின் அது வெறும் புனைந்துரை ஆகாது.

இசைத்தட்டு வேறு வகையினது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். அதன் நடுவிலுள்ள வட்டச் சீட்டில், நிறுமத்தின் பெயரும் முத்திரையும் போக எஞ்சிய இடத்தில், பாடியவரும் படமும் இசையமைப்பாளரும் இடம்பெற்றனர். எழுதியவர் இடமிருந்தால் பெற்றார். 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வெளிவந்த பின், இளையராசாவின் பெயரே கேட்போரை ஈர்க்கும் ஆற்றலாயிற்று. ஒலிநாடா பரவியதும் அவ்வாண்டுகளை ஒட்டியே. பதிவுக்கடையில் வெற்று நாடாவைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதித் தருவார், படத்தின் பெயரையும் பாட்டின் முதற்சொற்களையும் எழுதினரேயன்றி வேறொன்றும் எழுதிலர். கடைக்காரர்க்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. தேடுவதற்கு வேண்டுவது ஒன்று, அறிவதற்கு வேண்டுவது பிறிதொன்று என்னும் வேறுபாடு இங்கே மங்கத் தொடங்கிற்று.

இந்நிலையில்தான் இணையம் வந்தது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் ரியல்ஆடியோ என்னும் முறை, கோப்பு முழுவதும் இறங்குமுன்னரே ஒலியைக் கேட்கச் செய்தது, எம்.பி.3 என்னும் பெயரும் அவ்வாண்டில்தான் நிலைபெற்றது. தமிழ்ப்பாட்டுக்கெனப் பக்கங்களை அமைத்த முன்னோடிகளுட் பலர் வெளிநாடுகளில் வாழ்ந்த மாணவரும் பொறியாளருமாவர். ஊதியம் கருதாது, இரவு விழித்து, தம்மிடமிருந்த நாடாக்களைக் கோப்புகளாக்கினர். அவர் உழைப்பைக் குறைத்துரைத்தல் எம் கருத்தன்று.

அப்பக்கங்களின் உருவத்தை நினைவிற் கொண்டு வருவோம். முகப்பில் ஓடும் எழுத்துகள். கருநிறத்திலோ நீலத்திலோ பின்புலம். நடிகர் ஒருவரின் சிறுபடம். அதன்கீழ் ஒரு கட்டம். கட்டத்தின் தலைப்பிற் படமும் இசையமைப்பாளரும். நிரல்களிற் பாட்டின் முதற்சொற்களும் பாடியவரும். இறுதி நிரலில் கேட்பதற்குரிய சுட்டி. உள்ளே புகுவதற்கு வாயில்கள் மூன்று: படம், இசையமைப்பாளர், பாடகர். இம்மூன்றும் சுட்டிகளாய் அமைந்தன. சுட்டியாகாதது எதுவோ அது பக்கத்திற்கு மிகையெனக் கருதப்பட்டது. எம் துணிபு இதுவே: தொடக்ககாலத் தளங்கள் வைப்புமுறையையும் கீழ்க்குறிப்பையும் ஒன்றெனக் கொண்டன. வாயிலாகப் பயன்படாத பெயர்க்கு வீட்டினுள்ளும் இடமில்லாமற் போயிற்று.

தேவாரத்தை நோக்கின் இவ்வேறுபாடு தெளிவாகும். சம்பந்தர் பதிகங்களைப் பண்முறையால் வைத்தனர். பின்னர்த் தலமுறையாலும் வைத்தனர். பண்முறை ஓதுவார்க்கு வாயில். தலமுறை தலப்பயணஞ் செய்வார்க்கு வாயில். ஆயினும் எம்முறையில் வைப்பினும் பதிகத்தின் தலைப்பில் தலமும் பண்ணும் இரண்டும் நிற்கின்றன. தலமுறையில் தேடுவார்க்குப் பண் வேண்டா என ஒருவரும் அதனை நீக்கிலர்.

இடமின்மையே காரணம் என்பாரும் உளர். அக்காலத் தொலைபேசி வழி இணைப்பில், நொடிக்கு 33.6 கிலோபிட்டு செல்லும் விரைவில், 128 கிலோபிட்டு அளவில் அமைந்த ஐந்து நிமிடப் பாட்டு இறங்குவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடம் வேண்டும். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உலாவு மையத்தில் அமர்ந்திருந்தவர்க்கு ஒவ்வொரு நொடியும் காசு. ஆகவே பக்கத்தைச் சுருக்கினர் என்பது வாதம். அது பாட்டின் ஒலிக்குப் பொருந்தும், பெயர்க்குப் பொருந்தாது. உரோம எழுத்தில் ஒரு பெயர் இருபது பைட்டுக்கு மேற்படாது. நடிகரின் சிறுபடத்திற்கு இருபதாயிரம் பைட்டு செலவிட்டனர். ஒரு படத்தின் இடத்தில் ஆயிரம் புலவர் பெயரை எழுதியிருக்கலாம்! எனவே குறை இடத்தினது அன்று.

கோப்பின் அமைப்பு இதனினும் ஆராயத்தக்கது. எம்.பி.3 கோப்பில் ஒலியைத் தவிர வேறு செய்திக்கு முதலில் இடமில்லை. 1996ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பார் கோப்பின் இறுதியில் 128 பைட்டு கொண்ட குறிப்பொன்றனைச் சேர்க்கும் முறையை வகுத்தார். ஐ.டி.3 என்பது அதன் பெயர். பாட்டின் முடிவில் நிற்றலால் அதனைக் கீழ்க்குறிப்பு என்றே கூறலாம். அடையாளத்திற்கு 3, பாட்டின் பெயர்க்கு 30, கலைஞர்க்கு 30, தொகுப்பிற்கு 30, ஆண்டிற்கு 4, பொதுக்குறிப்பிற்கு 30, வகைக்கு 1 என அவ்விடம் பகுக்கப்பட்டது. தானே எழுதித் தானே பாடும் மேலைநாட்டுப் பாடகரை மனத்திற்கொண்டு செய்த பகுப்பு இது என்பது வெளிப்படை. கலைஞர் ஒருவர் என்பதே அதன் அடிப்படை. நம் திரைப்பாட்டோ எழுதுவார் ஒருவரும், இசைப்பார் ஒருவரும், பாடுவார் இருவருமாகக் கூடிச் செய்வது. முப்பது எழுத்துள் இரண்டு பாடகர் பெயரே அடங்கமாட்டா.

வகைக்குரிய பட்டியலும் அத்தகையதே. தொடக்கத்தில் அதில் எண்பது வகைகள் இருந்தன. போல்கா என்னும் ஐரோப்பிய ஆடலிசைக்கு அதில் ஓர் எண் உண்டு. கருநாடக இசைக்கு எண் இல்லை. தமிழ்ப்பாட்டைக் கோப்பாக்கியோர் அதனைப் ‘படவிசை’ என்றோ, ‘இனவிசை’ என்றோ, ‘பிற’ என்றோ குறித்தனர். பண் சுமத்தலைப் பெருந்தொழிலாகக் கொண்ட மொழியின் பாட்டு ‘பிற’ என்னும் அறையிற் புகுந்தமை நகைக்கும் இடந்தருவது, வருந்துதற்கும் இடந்தருவது.

ஆயினும் கருவியின் மேற் பழியைச் சுமத்தி அகல்வது நேர்மையாகாது. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.டி.3 இரண்டாம் முறையில் இசையமைத்தவர்க்கும் சொல் இயற்றியவர்க்கும் தனித்தனி அறைகள் உண்டு. கேசவனார் பெயரை இருமுறை எழுதிய தெளிவு அங்கே மீண்டும் தோன்றிற்று எனலாம். அறை இருந்தது; எழுதுவார் இலர். வெற்றறைகளோடு கோப்புகள் ஊர்தோறும் பரவின. காரிமங்கலச் சந்தையிலும் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் அடங்கிய குறுந்தகடுகள் தரையில் விரித்து விற்கப்பட்டமை எம் நினைவில் உளது. உறையின்மேல் நடிகர் முகமன்றி வேறு செய்தி இல்லை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. கலைஞர்க்குரிய அறையிலும் தொகுப்பிற்குரிய அறையிலும், பாட்டைப் பரப்பிய தளத்தார் தம் தளத்தின் பெயரையே எழுதிவிட்டனர். அத்தளங்களின் பெயரை ஈண்டுக் குறியாது விடுகின்றோம். ஒருவர் செய்த பிழையன்று, பலர்க்கும் பொதுவாகிய வழக்கம் அது. ஏடெழுதினோன் இறுதியில் தன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் பொறித்தல் நம் நாட்டுப் பழைய மரபுதான். ஆயினும் நூலாசிரியன் பெயரை அழித்துவிட்டு அவ்விடத்தே தன் பெயரைப் பொறித்த ஏடெழுதுவோனை யாம் கண்டதில்லை. பெயர் காணாமற் போயின பாட்டுகளைத் தொகுத்த சங்கத்துச் சான்றோர், பாட்டினுள்ளிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் வழங்கினர். பெயரில்லா இடத்தை வெறுமையாக விடவும் அவர்க்கு மனம் வரவில்லை. பிறர் பெயரால் நிரப்பவும் மனம் வரவில்லை. இப்பகுதியிற் பிறந்தார்க்கு இது சிறப்பாக உறைத்தல் வேண்டும். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடியன என நாம் போற்றும் புறப்பாட்டுகளுட் சிலவற்றில் மன்னன் பெயரே இல்லை. கீழ்க்குறிப்பை நீக்கிவிடின் அவை எவரைப் பற்றியன என்பது ஐயமாகும்.

எழுத்தின் இடர்ப்பாட்டையும் கூறுதல் வேண்டும். அக்காலத்தே தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதன. ஒரு தளத்தின் எழுத்துரு நம் கணிப்பொறியில் இல்லையேல் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டு பெப்ருவரியில் சென்னையிலும் கூடிய மாநாடுகள் இதனைத் தீர்க்க முயன்றன. சென்னை மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் ஏற்கப்பட்டன. டிஸ்கி முறையும் அவ்வாண்டுகளில் வழங்கிற்று. ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றதோ 2010ஆம் ஆண்டில்தான். ஆகவே பாட்டுத் தளத்தார் உரோம எழுத்தையே நாடினர். நெடிலும் குறிலும் ஒன்றாயின. ல, ள, ழ மயங்கின. ‘கல்’ எனவும் ‘கால்’ எனவும் படிக்கத்தக்கவாறு ஒரு சொல் நின்றது. முதற்குறிப்பு அகரவரிசை நம் பதிப்பாசிரியர்கள் வளர்த்த அருங்கலை. உரோம வரிசையில் அகரமும் ஆகாரமும் ஓரிடத்திற் குவிய, அவரவர் எழுதியவாறு ஒரே பாட்டு இரண்டு மூன்று இடங்களில் வெவ்வேறு பாட்டாகத் தோன்றியது. அம்மயக்கத்தில் ஆசிரியர் பெயரும் மாறிப் புகுந்தது. எம் மாணவி கண்ட இரட்டைப் பெயர்க்கு இதுவே தோற்றுவாய் என யாம் கருதுகின்றோம்.

இங்ஙனமாயினும் அதே காலத்தில் மதுரைத் திட்டத்தார் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய பணியில், ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் ஆசிரியர் பெயரையும், தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் தனித்தனியே குறித்தனர். கருவி ஒன்றே, எழுத்துரு இடரும் ஒன்றே. அவர்க்கு நூற்பயிற்சி இருந்தமையால் சிறப்புப்பாயிரத்தின் முதற்கூறாகிய ஆக்கியோன் பெயரை அவர் மறந்திலர். பாட்டுத் தளத்தார்க்கு முன்மாதிரியாய் அமைந்ததோ நூலன்று, நாடாவின் உறை. இரண்டு பக்க அமைப்புகளையும் அருகருகே வைத்து நோக்கின், வேறுபாடு அறிவியலினின்று பிறந்ததன்று, மரபினின்று பிறந்தது என்பது தெற்றென விளங்கும்.

இசையும் பக்க அமைப்பும் ஒருங்கு சிறந்தமைக்குப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட எண்முறைத் தேவாரத்தைக் காட்டலாம். தி. வே. கோபாலையரின் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு ழான்-லுய்க் செவியாரும் எஸ். ஏ. எஸ். சர்மாவும் உருவாக்கியது அது. மூலமும் சொல்லடைவும் ஆங்கிலப் பெயர்ப்பும் பாடல் ஒலிப்பதிவுகளும் தலங்களைக் காட்டும் நிலப்படங்களும் அதில் உள. பார்வைக்கு எளிய பக்கங்கள். ஓடும் எழுத்து இல்லை, பின்புல ஓவியம் இல்லை. அழகில்லை எனச் சில மாணவர் எம்மிடம் குறை கூறினர். யாம் அதற்கு உடன்படோம். ஒரு பதிகத்தை எவ்வழியாகப் புகுந்து காணினும் அதற்குரிய செய்திகளை இழவாது காணுதலே அழகு. திரைப்பாட்டுக்கு இத்தகைய பணி ஏன் எழவில்லை எனின், அதனைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் இலக்கியமாக எண்ணவில்லை. அப்பழியில் எமக்கும் பங்குண்டு.

பெயர் உதிர்தல் ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய இடர் அன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவில், ஆக்கியோன் தன் ஆக்கத்தைத் தனதெனக் கூறும் உரிமையை வழங்குகின்றது. ஆனால் 1984இற் சேர்க்கப்பெற்ற 52அ பிரிவு, ஒலிப்பதிவின்மேல் பொறிக்கவேண்டியன எனக் கூறுவன பதிவு செய்தவரையும், உரிமையாளரையும், வெளியிட்ட ஆண்டையுமே. பாடலாசிரியரை அது நினைக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் திருத்தம் திரைப்பாட்டை இயற்றியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் விட்டுக்கொடுக்க இயலாத ஊதியப் பங்கினை அளித்தது. அப்பங்கைப் பெறுவதற்குப் பெயர் வேண்டும். பெயர் பெற்ற கவிஞர் எவ்வாறேனும் பெறுவர்; ஓரிரு பாட்டெழுதி மறைந்தாரின் மக்கள் எதனைக் காட்டிக் கேட்பர்?

தொடக்ககாலத் தளங்களுட் பல இன்று இல்லை. தனியார் பலர் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009ஆம் ஆண்டு அக்தோபரில் மூடப்பட்டது. அங்கிருந்தவற்றுள் ஒரு பகுதியையே இணைய ஆவணகம் முதலாயினோர் படியெடுத்துக் காத்தனர். பக்கங்கள் அழிந்தன, அவற்றின் பிழைகளோ அழிந்தில. பின்வந்த தளங்கள் அப்பட்டியல்களைப் படியெடுத்தே வளர்ந்தமையின், மூலம் காணாமற்போன பிழைகள் இன்று பல வாயிலிருந்து ஒரே குரலில் ஒலிக்கின்றன. பல படிகள் ஒத்துக் கூறுதலே ஒரு பாடத்திற்கு வலிமையாகாது, அவை ஒரே தாயேட்டின் வழி வந்தனவோ எனப் பார்த்தல் வேண்டும் என்பது பதிப்புக்கலையின் முதற்பாடம். அதனை இங்கும் கைக்கொள்ளல் வேண்டும்.

மேற்கூறிய காரிமங்கலத்து முதியவரின் பெட்டியில் பாட்டுப் புத்தகங்களோடு ஒலிநாடாக்களும் இருந்தன. ஒவ்வொன்றன் உறைச்சீட்டிலும் பதிவுக்கடைக்காரர் நீலமையால் படத்தையும் பாட்டையும் எழுதியுள்ளார். அவற்றின் ஓரத்தே, வேறு கையெழுத்தில், கரிக்கோலால், பாடலாசிரியர் பெயர்கள் உள. வானொலியிற் கேட்குந்தோறும் தாமே குறித்து வந்ததாக அவர் கூறினார். உறுதியாகக் கேளாத இடங்களில் ஐயக்குறி இட்டிருக்கின்றார். நாற்பத்துமூன்று நாடாக்களுள் இதுகாறும் பத்தொன்பதின் சீட்டுகளை எம் மாணவியர் படியெடுத்துப் பாட்டுப் புத்தகங்களோடு ஒப்புநோக்கியுள்ளனர். அவர் ஐயக்குறி இட்ட இடங்களில், வேறு சான்று கிடைக்குந்துணையும், யாமும் ஐயக்குறியே இட்டுள்ளோம்.